களப்புக்கரையில் உணவு வலையை மாணவர்கள் கண்ணால் காண என்ன வழி?

கரையோர_ரீச்சர் கேட்டது:

வணக்கம். உயர்தர உயிரியல் மாணவர்கள் 24 பேரை, கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் இடையில் உப்பாற்றுப் பக்கக் கண்டற்காட்டுக்குக் கூட்டிப்போக இருக்கிறேன். சூழலியல் அலகு வகுப்பில் முடிந்துவிட்டது. உற்பத்தியாக்கி, நுகரி, பிரிகையாக்கி, போசணை மட்டம் எதைக் கேட்டாலும் பிள்ளைகள் வரைவிலக்கணம் சொல்வார்கள். ஆனால் "கண்டல் இலை → நண்டு → மீன் → கொக்கு" என்று பலகையில் எழுதிய சங்கிலி உண்மைதானா என்று சேற்றில் நின்று எப்படிப் பார்ப்பது? மரத்தின் பெயரையும் பறவையின் பெயரையும் குறித்துக்கொண்டு திரும்பி வருவதில் எனக்குத் திருப்தி இல்லை.

ஓகஸ்ட்டில் ஒரு வெள்ளி பின்னேரமும் மறுநாள் சனி காலையும் கிடைக்கும். பாடசாலையில் நுணுக்குக்காட்டி 4, 0.1 கிராம் வரை காட்டும் தராசு ஒன்று இருக்கின்றன. உலர்த்துவதற்குக் கனலடுப்பு இல்லை. ஆறு குழுவாகப் பிரிக்கலாம். முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கண்டல் கன்றைத் திறந்த சேற்றில் நட்டுவிட்டு வரலாம் என்றும் எண்ணம். சரியா?

சேற்றுக்கால்:

ரீச்சர், எண்ணிப் பார்த்தால் யார் எங்கே இருக்கிறார் என்று மட்டும்தான் தெரியும். யார் யாரைத் தின்கிறார் என்று தெரிய ஒன்றைக் கட்டி வைக்கவேண்டும், அல்லது ஒன்றை மறித்து வைக்கவேண்டும். ஒரு பின்னேரம், அடுத்த காலை என்ற உங்கள் நேரத்துக்கு இலை கட்டும் பரிசோதனை நன்றாகப் பொருந்தும்.

விழத் தயாராக நிற்கும் மஞ்சள் இலைகளாக எடுங்கள். தொட்டால் கையோடு வரவேண்டும். பச்சை இலை வேண்டாம். அதில் தனின் என்ற துவர்ப்புப் பொருள் கூட, நண்டு பெரும்பாலும் நாடாது. காட்டின் தரையில் விழுவதும் பச்சை இலையல்ல. குழுவுக்கு 12 இலை வீதம் 72. ஒவ்வொன்றையும் சதுரக்கோட்டுத் தாளில் வைத்து ஓரம் வரைந்து இலக்கமிடுங்கள். அடுத்த நாள் எவ்வளவு கடிபட்டது என்று சதுரம் எண்ணிச் சொல்ல அதுதான் உதவும்.

கட்டுவதற்குத் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்). பருத்தி நூலை நண்டு அறுத்துவிடும். இலைக்கு 60 சென்ரிமீற்றர் போதும், 72 இலைக்கும் 50 மீற்றர்ச் சுருள் ஒன்று காணும். ஒரு முனை காம்பில், மறுமுனை வேரில் அல்லது சேற்றில் ஆழ ஊன்றிய மூங்கில் குச்சியில். மூன்று குழு மரத்தடியில், மூன்று குழு மரமில்லாத சேற்றில். ஒவ்வொரு குழுவும் 10 இலையைத் திறந்து வைத்து, 2 இலையைச் சிறு துளைகளுள்ள பிளாஸ்ரிக் கூடையைக் கவிழ்த்து அதனுள் வைக்கட்டும். கூடை விளிம்பு 5 சென்ரிமீற்றராவது சேற்றுள் இறங்கவேண்டும். கூடைக்குள் வரும் நிலத்தில் ஏற்கெனவே நண்டுப் பொந்து இருக்கக்கூடாது. இருந்தால் நண்டை வெளியே மறிப்பதற்குப் பதிலாக இலையோடு சேர்த்து உள்ளே பூட்டியதாகிவிடும்.

இந்த வேலை பெரும்பாலும் பிழைக்கும் இடம் முடிச்சு. இறுக்கினால் காம்பு அறுந்து இலை தண்ணீரோடு போய்விடும், பிள்ளைகள் "நண்டு தின்றது" என்று எழுதிவிடுவார்கள். ஆகையால் சனி காலை நான்கு நிரல்கள் வேண்டும்: முழுதாக இருக்கிறது, கடிபட்டிருக்கிறது, பொந்துக்குள் இழுபட்டிருக்கிறது (தங்கூசியைப் பிடித்துக்கொண்டு போனால் பொந்து வாசலில் முடியும்), இல்லை. "இல்லை" என்றால் முடிச்சைப் பாருங்கள். காம்புத் துண்டோ நடுநரம்போ மீதி நின்றால் தின்னப்பட்டது. முடிச்சு வெறுமையாக இருந்தால் கழன்றது, அதைச் சதவீதக் கணக்கில் சேர்க்கவேண்டாம். உதாரணமாக 30 இலையில் 3 கழன்று, 9 தின்னப்பட்டோ இழுபட்டோ இருந்தால், 27க்கு 9, மூன்றில் ஒன்று. கூடைக்குள் இருந்த இலையும் கடிபட்டிருந்தால் நண்டைத் தவிர வேறெதையோ தேடவேண்டும்: ஊரி (சேற்று நத்தை), அல்லது கூடைக்கு அடியால் தோண்டி வந்த நண்டு.

ஒவ்வொரு இலையைச் சுற்றியும் 50 சென்ரிமீற்றர்ச் சதுரச் சட்டத்தை வைத்து, பேனை நுழையக்கூடிய பொந்துகளை எண்ணட்டும். சட்டம் ஒன்றுக்கு அரை அங்குல பீவீசீ குழாய் 2 மீற்றரும் நான்கு முழங்கையும் போதும். உள்விளிம்பு 50 வரும்படி அளந்து வெட்டுங்கள். குழாயில் சில துளை போட்டால் தண்ணீரில் மிதந்து போகாது. பொந்து எண்ணிக்கை நண்டு எண்ணிக்கையல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு நண்டுக்கு இரண்டு வாசல் இருக்கலாம், வெறும் பொந்தும் இருக்கும்.

நேரம் பற்றி. திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றரைத் தொடாது. களப்புக்குள் அதுவும் குறைந்து, பிந்தியும் வரும். அட்டவணையில் கொழும்பு நேரத்தை எடுத்தால் முழுத் திட்டமும் பிழைக்கும், திருகோணமலைக்கு உரியதைப் பாருங்கள். அமாவாசை, பூரணையை ஒட்டிய வாரவிறுதி நல்லது. ஓகஸ்ட் பொருத்தமான மாதம். மாரியில் மழையும் ஆற்று வெள்ளமும் சேர்ந்து இந்தச் சேறு பல நாட்களுக்கு வெளியே தெரியாது. ஆனால் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் மத்தியானச் சேறு கொதிக்கும், நண்டு ஆழத்துக்குப் போய்விடும். காலை 9 மணிக்கு முன் முடியுங்கள்.

ஒன்றை மறக்கவேண்டாம். தில்லை மரத்தை முதலே எல்லோருக்கும் காட்டுங்கள். கிளை ஒடித்தால் வரும் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டால் தேய்க்காமல் 15 நிமிடம் சுத்தமான தண்ணீரை ஓடவிட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். சிப்பி வெட்டும், ஆகவே மூடிய சப்பாத்து. ஆற்று முகத்துவாரங்களில் முதலை இருக்கும் என்பதால், நீங்கள் போகும் துண்டு எப்படியென்று அங்கே வலை வீசுபவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கண்ணாக்காடு:

சேற்றுக்கால் சொன்ன முறை நல்லது. நான் சங்கிலியின் முதல் அம்புக்குறியைப் பற்றிப் பேசவேண்டும், ஏனென்றால் "கண்டல் இலை" என்று தொடங்கினாலே பாதி உணவு வலை மறைந்துபோகிறது.

புளோரிடாவின் கண்டற்காடுகளில் 1970களின் தொடக்கத்தில் வந்த ஆய்வுகள் உதிர்ந்த இலையை நடுவில் வைத்தன: இலை விழுகிறது, பக்ரீரியாவும் பூஞ்சணமும் பிடிக்கின்றன, அந்தத் துகளை இறால், சிறுமீன் தின்கின்றன. பாடப்புத்தகங்கள் இதைத்தான் எடுத்துக்கொண்டன. பின்னர் காபன் ஓரிடமூலகங்களை (நிறை வேறுபட்ட காபன் அணுக்களை) அளந்து பார்த்தபோது, பல இடங்களில் இறாலின் தசையில் இருந்த காபன் கண்டல் இலையினுடையதைவிடச் சேற்றுப் பாசியினுடையதையே ஒத்திருந்தது. இலை பிழையில்லை. ஆனால் அம்புக்குறி இரண்டு வேண்டும், சில உயிரிகளுக்குப் பாசியின் அம்புக்குறிதான் தடித்தது.

அந்தப் பாசியைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது இலகு. வற்றில் வெயில் படும் சேற்றின் மேல் பொன்னும் கபிலமும் கலந்த மெல்லிய படலம் தெரியும். அது தயற்றங்கள் என்ற ஒருகலப் பாசி. கமரா வில்லை துடைக்கும் மெல்லிய தாளை 2 சென்ரிமீற்றர்ச் சதுரமாக வெட்டி, ஈரச் சேற்றின் மேல் காற்றுக்குமிழி இல்லாமல் படியவிடுங்கள். வெளிச்சத்தை நாடி மேலே வரும் தயற்றங்கள் தாளின் இழைகளுக்குள் ஏறும். 30 முதல் 60 நிமிடத்தில் இடுக்கியால் மெதுவாகத் தூக்கி, ஒரு துளி களப்புத் தண்ணீரோடு கண்ணாடித் தட்டில் வைத்து 400 மடங்கில் பாருங்கள். படகு வடிவில் ஊர்வது தெரியும். தாள் காய்ந்தால் ஒன்றும் ஏறாது. குழாய்த் தண்ணீர் விட்டால் உப்பு மாறிக் கலங்கள் கெட்டுவிடும், களப்புத் தண்ணீரையே பாவியுங்கள். நுணுக்குக்காட்டிகளில் ஒன்றைக் கரைக்குக் கொண்டுபோக முடிந்தால் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் சேற்றை மேல் 1 சென்ரிமீற்றரோடு தட்டில் வழித்தெடுத்து, பாடசாலையில் யன்னலோரம் வைத்துத் தாளை விரிக்கலாம்.

இதே படலத்தை யார் தின்கிறார் என்பதும் தரையில் எழுதியிருக்கும். ஒரு கொடுக்குப் பெருத்த சிறுநண்டின் பொந்தைச் சுற்றி மணிமணியாகச் சேற்று உருண்டை கிடக்கும். அது எச்சமல்ல. சேற்றை வாயில் அலசிப் பாசியை எடுத்துக்கொண்டு துப்பிய மீதி. கடிபட்ட இலை செருகிக் கிடக்கும் பொந்து வேறு இன நண்டுடையது. "நண்டு" என்று ஒரே பெட்டி போட்டால் இரண்டு வெவ்வேறு பாதைகள் ஒன்றாகிவிடும். மாணவர்கள் 3 மீற்றர் தள்ளி 10 நிமிடம் அசையாமல் இருந்தால் இரண்டும் வெளியே வரும். நிழல் விழுந்தால் வராது, ஆகவே சூரியனை முகத்துக்கு நேராக வைத்து உட்காரட்டும்.

நண்டை "முதல்நிலை நுகரி" என்று மட்டும் எழுதி நிறுத்துவதும் எனக்குச் சம்மதமில்லை. அது சேற்றை உழுகிறது. அவுஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்தில் ஒரு கண்டற்காட்டிலிருந்து நண்டுகளை அகற்றிப் பார்த்த பரிசோதனை 1991இல் வெளியானது. நண்டு இல்லாத நிலத்தில் சல்பைட்டும் அமோனியமும் கூடின, மரத்தின் வளர்ச்சி குறைந்தது. பொந்து வழியே காற்று இறங்காததே காரணம். நண்டு இலையைத் தின்கிறது, மரம் நண்டால் மூச்சு விடுகிறது. உணவு அம்புக்குறி மட்டும் போட்ட படத்தில் இந்த இரண்டாவது உறவுக்கு இடமில்லை. வேறு நிறத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.

இதையும் மலிவாகக் காட்டலாம். 6 மில்லிமீற்றர் இரும்புக்கம்பியை 40 சென்ரிமீற்றர்த் துண்டுகளாக வெட்டி, மண்தாளால் துரு போகத் தேய்த்து, அந்தப் பக்கத்தில் வசிக்கும் ஒரு மாணவரிடம் கொடுத்துப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னரே ஊன்றி வையுங்கள். பொந்துகள் நிறைந்த இடத்தில் 3, கண்ணா என்ற கண்டல் மரத்தின் மூச்சுவேர்களுக்கு இடையில் 3, வெறும் சேற்றில் 3. கல்வனைசு பூசிய கம்பி துருப்பிடிக்காது, வேண்டாம். இழுத்தெடுத்தவுடன் பாருங்கள்: ஒட்சிசன் எட்டிய ஆழம்வரை செந்துரு, அதற்குக் கீழே கருமை அல்லது துருவில்லாத இரும்பு. 5 நிமிடம் காற்றில் வைத்தால் நிறம் மாறத் தொடங்கும், ஆகவே உடனே அளவுகோலோடு படம் எடுக்கவேண்டும்.

அம்புக்குறி உண்ணப்படுவதிலிருந்து உண்பதை நோக்கி என்பது தெரிந்ததுதான். என்றாலும் பரீட்சைத் தாளில் தலைகீழாகப் போடுகிறவர்கள் இன்னும் உண்டு.

தம்பலகாமத்து_வயல்:

நண்டும் இலையும் ஒரு வகை உறவைத்தான் காட்டும். இரண்டு உயிரிகளின் உறவில் இலாபத்துக்குக் கூட்டல், நட்டத்துக்குக் கழித்தல், இரண்டுமில்லை என்றால் பூச்சியம் என்று போடும் குறிகளை நேரில் காட்ட உப்பாற்றுக்குப் போகும் வழியில் வேறு இடமும் இருக்கிறது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் தம்பலகாம வயல்களில் சிறுபோக வெட்டு முடிந்த நிலத்தில் மாடும் உண்ணிக்கொக்கும் சேர்ந்து நிற்கும். கொக்குக்கு என்ன இலாபம் என்று அளக்கலாம்.

இருவர் ஒரு சோடி. ஒருவர் பார்க்க, மற்றவர் எழுத. ஒரு கொக்கை 2 நிமிடம் தொடர்ந்து பார்த்து, வைத்த அடிகளையும் விழுங்கிய இரைகளையும் எண்ணவேண்டும். கொத்துவது கணக்கில்லை, தலையை நிமிர்த்தி விழுங்கினால்தான் ஒன்று. மாட்டுக்கு ஒரு மீற்றருக்குள் நிற்கும் கொக்கு 15, தனியே மேயும் கொக்கு 15. இரையை அடியால் வகுத்தால் முயற்சிக்கான பலன் வரும். மாட்டோடு நிற்பதில் அது கூடினால் கொக்குக்குக் கூட்டல். மாடு கலைக்கும் வெட்டுக்கிளிதான் இரை. மாட்டின் உடம்பிலிருந்து நேரே எத்தனை தடவை கொத்துகிறது என்பதைத் தனியே எண்ணுங்கள். அது அரிதென்றால் மாட்டுக்குப் பூச்சியம், அடிக்கடி என்றால் மாட்டுக்கும் கூட்டல் வரலாம். பெயரில் உண்ணி இருப்பதால் முடிவை முன்கூட்டி எழுதவிடாதீர்கள். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் போகும் கொக்கு கிடைத்தால் இன்னும் நல்லது, அங்கே உண்ணி என்ற பேச்சே இல்லை.

பிழை வரும் இடம்: நல்ல இரை இருக்கும் மூலையில் மாடும் கொக்கும் சேர்ந்து நிற்கலாம். அதனால் ஒரே வயல் துண்டில், ஒரே நேரத்தில் இரண்டு வகையையும் மாறிமாறிப் பார்க்கவேண்டும்.

குறி நிலையானதல்ல என்பதற்குக் களப்பிலேயே உதாரணம் உண்டு. முதிர்ந்த கண்டல் வேரில் ஒட்டும் கொட்டலசு மரத்துக்கு அனேகமாக ஒன்றும் செய்யாது. அதே கொட்டலசு இளங்கன்றின் தண்டில் அப்பினால் பாரத்தில் கன்று சாயும், இலையிலும் அப்பினால் வெளிச்சம் மறையும். இரண்டும் அதே உயிரினங்கள்தான்.

வேர்நிலம்:

கன்று நடுவதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. ரீச்சர், திறந்த சேற்றில் நடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் நடந்த கண்டல் நடுகைகளைப் போய்ப் பார்த்து எழுதிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. 23 இடங்கள், 1000 முதல் 1200 ஹெக்ரேயர். வெற்றியென்று சொல்லக்கூடியது 200 முதல் 220 ஹெக்ரேயர் மட்டுமே. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மீதியில்லை. முதல் காரணம் நட்ட மட்டம். தண்ணீர் கூடிய நேரம் நிற்கும் தாழ்ந்த சேற்றில் வைத்தார்கள். மாடு மேய்ந்தது, மிதித்தது, பாசி அப்பியது, பூச்சி அரித்தது, நட்டபின் யாரும் போய்ப் பார்க்கவில்லை. தம்பலகாமத்து_வயல் சொன்ன கழித்தல் குறிகள்தான் இவை.

கண்டல் இயல்பாக முளைப்பது வற்றுப்பெருக்கு எல்லையின் மேல்பாதியில். வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவான நம் கரையில் அந்தப் பட்டி ஒடுக்கமானது, 15 சென்ரிமீற்றர் பிழைத்தாலே கன்று மூழ்கும். அங்கே இடமும் விதையும் இருந்தால் காடு தானே வரும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பார்க்கவேண்டும்: தண்ணீர் ஓட்டத்தை மறித்த வீதியா, மேயும் மாடா, விதையை நண்டு தின்கிறதா? கண்ணாவின் விதையை நண்டு விரும்பித் தின்னும். மாரியில் விதை விழும்போது இலை கட்டிய அதே முறையில் 10 விதையைக் கட்டிப் பார்க்கலாம்.

திறந்த சேறும் வெறும் நிலமல்ல. கண்ணாக்காடு காட்டிய தயற்றமும், மட்டியும், புழுவும், அவற்றைக் கொத்தவரும் கரைப்பறவைகளும் அந்தச் சேற்றை நம்பி நிற்கின்றன. கன்று தப்பினால்கூட அந்த வலையைத்தான் மூடும்.

நடுவதற்குப் பதிலாக, காட்டு விளிம்பில் 5க்கு 5 மீற்றர்க் கட்டம் ஒன்றைக் கல்லால் அடையாளமிட்டு, தானாக முளைத்த கன்று ஒவ்வொன்றுக்கும் இலக்கப் பட்டி கட்டி, உயரமும் இலை எண்ணிக்கையும் எழுதுங்கள். பட்டியைத் தளர்வாகக் கட்டுங்கள், தண்டு பருக்கும். அடுத்த வருடப் பிள்ளைகள் வந்து அதே கன்றுகளை அளக்கலாம். கட்டம் போடவும் மாதிரி எடுக்கவும் வனத் திணைக்களத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கண்டற்காடு பாதுகாக்கப்பட்டது.

கரையோர_ரீச்சர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நடுகையை விட்டுவிட்டேன், கட்டம்தான். இன்னொன்று: பிரிகையாக்கிகளுக்கு இலைப் பை வைக்கும் முறை (நிறுத்த இலையை வலைப் பையில் சேற்றில் வைத்து, நிறை குறைவதை அளப்பது) கேள்விப்பட்டிருக்கிறேன். 0.1 கிராம் தராசும், கனலடுப்பு இல்லாததும் போதுமா? அந்தப் பக்க மாணவர்கள் இருவர் பின்னர் போய்ப் பைகளை எடுத்துவரத் தயார்.

சேற்றுக்கால்:

போதும். ஒரு இன இலையோடு நிறுத்துங்கள், கண்ணா என்றால் விரைவில் மாற்றம் தெரியும். இரண்டு வகை வலை, நான்கு எடுப்பு நாள் (7, 14, 28, 56), ஒவ்வொன்றுக்கும் 3 பை. மொத்தம் 24, பிள்ளைக்கு ஒன்று. பைக்கு 10 கிராம் வைத்தால் உங்கள் தராசின் பிழை நூற்றுக்கு ஒன்று.

மஞ்சள் இலையை நிழலில் ஒரு கிழமை உலர்த்தி நிறுங்கள். எடுத்து வந்த பைகளையும் அதே நிழலில் அதே கிழமைக் கணக்குக்கு உலர்த்தவேண்டும். ஓகஸ்ட்டில் உலர்ந்ததையும் ஒக்டோபர் மழையில் உலர்ந்ததையும் ஒப்பிட்டால் ஈரப்பதனே கணக்கைக் குழப்பும். அதற்காக, பையில் போடாத 10 கிராம் இலையை அலுமாரியில் வைத்து ஒவ்வொரு முறையும் கூடவே நிறுங்கள். அது 10.6 காட்டினால் அன்றைய எல்லா நிறையையும் 1.06ஆல் வகுக்கலாம்.

சிறுகண்ணுக்கு நுளம்பு வலை, பெருங்கண்ணுக்கு வெங்காய மூடை வலை, 20 சென்ரிமீற்றர்ச் சதுரம். பெருங்கண் பையின் அடிப்பக்கத்தை நுளம்பு வலையால் தையுங்கள், இல்லாவிட்டால் உதிர்ந்து விழும் துண்டும் "தின்னப்பட்டது" ஆகிவிடும். தங்கூசியால் வேரில் கட்டி, சேற்றோடு படியும்படி வையுங்கள்.

முதல் கிழமை நிறை சட்டென்று விழும். அதில் பெரும்பகுதி பக்ரீரியா செய்ததல்ல, கரையக்கூடியது தண்ணீரில் கரைந்து போனது. அதைப் பிரித்தறிய 10 கிராம் வீதம் மூன்று மாதிரியைச் சுத்தமான தண்ணீரில் 48 மணி ஊறவைத்து, உலர்த்தி நிறுங்கள். பைகளைத் திறந்தவுடன் தட்டில் தண்ணீர் விட்டு இலையிலிருந்து சேற்றை மெதுவாகக் கழுவவேண்டும். ஒட்டியிருக்கும் சேறு நிறையைக் கூட்டி, சிதைவே நடக்காததுபோல் காட்டும்.

கணக்கு: மீதி நிறையை ஆரம்ப நிறையால் வகுத்து, அதன் இயற்கை மடக்கையை எடுத்து, குறியை மாற்றி நாட்களால் வகுங்கள். 28 நாளில் 10 கிராம் 6 ஆனால், 0.6இன் மடக்கை −0.511, ஆகவே நாளொன்றுக்கு 0.018. பாதியாகச் சிதைய 0.693ஐ அதனால் வகுத்தால் சுமார் 38 நாள். இரண்டு வலைக்கும் தனித்தனியே போடுங்கள். அவற்றின் வித்தியாசம் ஊரியும் சிறு ஓடுடைய உயிரிகளும் சேர்ந்து செய்த வேலை, சிறுகண் பையில் கிடைப்பது பெரும்பாலும் நுண்ணுயிர்களுடையது. வெங்காய வலைக்குள்ளும் பெரிய நண்டு நுழையாது. அதற்கு 3 சென்ரிமீற்றர் வெட்டுப் போடலாம், ஆனால் இழுத்துக்கொண்டு போன இலை தின்னப்பட்டதா என்று தெரியாது. நண்டின் பங்கைக் கட்டிய இலையே சொல்லட்டும்.

24 பையும் இடப்பட்ட மரத்தைப் படமெடுத்து இலக்கத்தோடு எழுதி வையுங்கள், 56ஆம் நாளில் கடைசிப் பை வந்ததும் எண்ணிச் சரிபாருங்கள். ஓகஸ்ட் நடுவில் வைத்தால் அந்த நாள் ஒக்டோபர் பத்தாம் திகதியளவில் வரும், வெள்ளம் ஏறுமுன் எடுத்துவிடலாம். செப்டெம்பருக்குத் தள்ளினால் கடைசி ஆறு பையும் தண்ணீருக்குள் போய்விடக்கூடும்.